கவலை இருக்கிற வீட்டில் திருவருகைக் காலம்

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: “திருவருகைக் காலத்தை மகிழ்ச்சியோடும் நன்றியோடும் தொடங்குங்கள் என்று பூசையில் சொல்கிறார்கள். எங்கள் அண்ணா 2009இல் காணாமல் போனவர். நவம்பர் வந்தால் அம்மா சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, கதைப்பதும் இல்லை. ஊதா உடுப்புப் போட்டுப் பூசை வைக்கிற காலத்தில் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்? வராததை வந்ததாகக் காட்டுவது பொய் இல்லையா? வீட்டில் என்னதான் செய்வது?”

தங்கச்சி, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இல்லாத மகிழ்ச்சியை இருக்கிறதாகக் காட்டச் சொல்லித் திருச்சபை யாரையும் கேட்கவில்லை. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறப்புக்கு, ஆயத்தமாகிற இந்த நாலு ஞாயிறுக் காலத்து வாசகங்களை ஒருமுறை வரிசையாக எடுத்து வாசித்துப் பாருங்கள். அதில் வருகிறவர்கள் யார்? நாடிழந்து பாபிலோனில் கிடந்த சனம், பிள்ளையில்லாமல் வயது போன எலிசபெத்து, வாய் கட்டிப்போன செக்கரியா, சிறைக்குள் இருந்துகொண்டு சந்தேகப்படுகிற திருமுழுக்கு யோவான். மகிழ்ச்சிச் செய்தி வந்து சேர்ந்ததெல்லாம் இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான். உங்கள் வீட்டுக்கும் இந்தக் காலத்துக்கும் தூரம் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

ஊதாவைப் பற்றி நீங்கள் நினைப்பது பாதி சரி. 5ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சில் உள்ள தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் நத்தார் வரை கிழமைக்கு மூன்று நாள் நோன்பு இருக்க வேண்டும் என்று ஒழுங்கு வைத்தார். அந்தப் பழக்கம் பரவி, அந்த நாட்களே ஒரு சின்னத் தவக்காலமாகிப் போயின. நோன்பு பிறகு தளர்ந்துவிட்டது. நிறம் மட்டும் நின்றுவிட்டது. 1969இல் வந்த வழிபாட்டு ஆண்டுக்கான பொது ஒழுங்குகளோ இதைப் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்று சொல்கின்றன. வித்தியாசத்தைக் கோயிலிலேயே கவனிக்கலாம். தவக்காலத்தில் அல்லேலூயா பாடமாட்டோம், இப்போது பாடுகிறோம். வானவர் கீதத்தை ஞாயிறுகளில் விட்டுவிடுகிறோம். அது துக்கத்துக்காக விடுவதில்லை. பெத்லகேம் வயலில் அந்த இரவு வானதூதர் பாடின பாட்டு என்பதால் அந்த இரவுக்காக எடுத்து வைத்திருக்கிறோம்.

திருவருகைக் காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருகிற ஞாயிறில் தொடங்கும். நவம்பர் 27, போரில் விழுந்த போராளிகளை நினைக்கிற மாவீரர் நாள் என்று வன்னியில் ஒருவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. 2022இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. காலையில் கோயிலில் முதல் மெழுகுதிரி, பின்னேரம் மாவீரர் துயிலுமில்லத்தில் விளக்கு. இரண்டுக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ. அவர்களைப் பார்த்து “காலையில் மகிழ்ச்சி, பின்னேரம் அழுகை, இதென்ன விசுவாசம்?” என்று கேட்கிறவருக்குத் திருவருகைக் காலமும் விளங்கவில்லை, வன்னியும் விளங்கவில்லை என்றுதான் சொல்வேன்.

2008ஐ எடுங்கள். அந்த வருடம் முதலாம் ஞாயிறு நவம்பர் 30. அதற்கு முந்தின கிழமைதான் நிஷா புயலின் மழை. போரால் கிளிநொச்சியை விட்டு எழும்பிய சனம் தருமபுரம், விசுவமடு என்று தறப்பாளுக்குக் கீழே, கால் வைக்கிற இடமெல்லாம் சேறு. டிசம்பர் 7, இரண்டாம் ஞாயிறு. உலகம் முழுக்க அன்று வாசித்த முதல் வாசகம் எசாயா 40: “ஆறுதல் கூறுங்கள், என் மக்களுக்கு ஆறுதல் கூறுங்கள்.” உரோமாபுரியில் வாசித்ததும் அதுதான், மரத்துக்குக் கீழே மேசை போட்டுப் பூசை வைத்த இடத்தில் வாசித்ததும் அதுதான். யாரும் வன்னிக்கென்று பார்த்துத் தெரிவு செய்யவில்லை, மூன்று வருடச் சுழற்சியில் அந்த வருடம் அந்த வாசகத்தின் முறை. ஊர் எரிந்து, கோயில் இடிந்து, அந்நிய நாட்டில் கிடந்த சனத்துக்குச் சொன்ன சொற்கள் அவை.

அடுத்த ஞாயிறு டிசம்பர் 14. மகிழ்ச்சி ஞாயிறு, ரோசா நிற உடுப்பு. அன்றைய இரண்டாம் வாசகம் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதலாம் திருமுகத்திலிருந்து. எப்போதும் மகிழ்ச்சியாக இருங்கள், இடைவிடாது செபியுங்கள், எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்கிற பகுதி. பூசையில் உங்களுக்குச் சொன்ன மகிழ்ச்சியும் நன்றியும் இங்கே ஒன்றாக நிற்கின்றன, அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

பவுல் அதை யாருக்கு எழுதினார்? தெசலோனிக்கா சபை அப்போது புதுச்சபை. திருமுகம் எழுதியது ஏறக்குறைய கி.பி. 50இல்; புதிய ஏற்பாட்டு நூல்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அந்தச் சனத்துக்கு உபத்திரவமும் இருந்தது, அதைவிடப் பெரிய ஒரு கவலையும் இருந்தது. தங்களுக்குள் சிலர் இறந்துபோனார்கள். ஆண்டவர் வரும்போது அவர்கள் என்ன ஆவார்கள், அவர்களை இனிப் பார்ப்போமா என்று தவித்தார்கள். நாலாம் அதிகாரத்தில் பவுல் அந்தத் தவிப்புக்குப் பதில் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் ஐந்தாம் அதிகாரத்தில் மகிழ்ச்சியாக இருங்கள் என்கிறார். செத்தவர்களைப் பற்றிக் கதைக்காமல் மகிழ்ச்சியைப் பற்றிக் கதைக்கவில்லை. நம்முடைய பிரசங்கங்கள் சிலவேளை நாலாம் அதிகாரத்தைத் தாண்டி நேரே ஐந்தாம் அதிகாரத்துக்குப் பாய்ந்துவிடுகின்றன. உங்களுக்குக் கோபம் வந்தது அதனாலாக இருக்கலாம்.

அவர் நன்றி சொல்லச் சொன்னது எறிகணைக்கோ இடப்பெயர்வுக்கோ இல்லை. அந்த நிலைமைக்குள் நின்றபடியே நன்றி சொல்ல ஏதாவது, யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறார். இதைக் குழப்பிக்கொண்டு “உயிரோடு இருக்கிறீர்கள்தானே, அதுக்கு நன்றி சொல்லுங்கோ” என்று பெரியவர்கள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். எனக்குப் பிடிக்காத பேச்சு அது. பிள்ளையைத் தேடுகிற தாயின் வாயை மூடுகிற வேலைக்கு நன்றி என்று பெயர் வைக்கக்கூடாது.

மகிழ்ச்சி ஞாயிறைப் பற்றி இன்னொன்று. அன்றைய பூசையின் வருகைப் பல்லவி, ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள் என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய வரி. எழுதும்போது அவர் விலங்கோடு இருந்தார். மூன்று வருடச் சுழற்சியில் மத்தேயு நற்செய்தி வாசிக்கிற ஆண்டில் அதே ஞாயிறின் நற்செய்தி, ஏரோதின் சிறையிலிருந்து யோவான் ஆள் அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று இயேசுவிடம் கேட்கிற இடம். வருடத்தில் மகிழ்ச்சியின் பெயரால் ஒரு ஞாயிறு வைத்து, அதன் இரண்டு பக்கத்திலும் இரண்டு சிறைக் கைதிகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர் மகிழுங்கள் என்கிறார், மற்றவர் சந்தேகத்தோடு கேட்கிறார். இயேசு யோவானைக் கடிந்துகொள்ளவும் இல்லை. பெண்களிடம் பிறந்தவர்களுள் இவரைவிடப் பெரியவர் எவரும் இல்லை என்று அவர் சொன்னதும் அப்போதுதான். உங்கள் அம்மாவின் நிலை யோவானின் நிலை என்றால், அதுவும் அந்த ஞாயிறுக்குள் அடங்கும்.

காத்திருப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் கொட்டகை போட்டு இருந்த தாய்மாருக்குக் காத்திருப்பைப் படிப்பிக்க எனக்குத் தகுதி இல்லை. பங்குத்தந்தையருக்கே அந்த வேதனை தெரியும். 2009 மே 18 வட்டுவாகலில் சனத்தோடு இராணுவத்திடம் போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இன்றுவரை திரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீதிக்காகக் காத்திருப்பதையும் பாலன் இயேசுவுக்காகக் காத்திருப்பதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டாம். டிசம்பர் 22 நற்செய்தியில் மாதாவே பாடுகிறா: வலியோரை அரியணையிலிருந்து தூக்கி எறிந்தார், தாழ்ந்தவரை உயர்த்தினார் என்று. வயிற்றில் பிள்ளையோடு மலைநாட்டுக்கு நடந்துபோய்ப் பாடின அந்தப் பாட்டில் மகிழ்ச்சியும் இருக்கிறது, நீதியும் இருக்கிறது.

சரி, இனி வீட்டு விஷயம்.

முதலில், பூசைக் கருத்து. நவம்பரில் இறந்தோர் பெயர் எழுதிக் கொடுக்கிற கடதாசியில் பிள்ளையின் பெயரை எழுதுவதா விடுவதா என்று பேனையைப் பிடித்தபடி இருக்கிற தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். எழுதினால் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி, எழுதாவிட்டால் அவனுக்காகச் செபிக்காத மாதிரி. இந்த முடிச்சை அவிழ்க்கலாம். திருச்சபைச் சட்டம் 901இன்படி குருவானவர் உயிரோடிருப்பவருக்காகவும் இறந்தவருக்காகவும், யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். ஆகவே அண்ணாவின் பெயரை “ஆன்மா” என்று போடாமல், பெயரை மட்டும் எழுதி, அவருக்காக என்று கொடுங்கள். அவர் எங்கே, எந்த நிலையில் இருக்கிறார் என்பது கடவுளுக்குத் தெரியும். நவம்பரில் கொடுக்க மனமில்லையென்றால் திருவருகைக் காலத்தில் கொடுங்கள். பாதரிடம் போய் இரண்டு வசனத்தில் சொன்னால் போதும், விளங்கிக்கொள்வார்.

அடுத்தது டிசம்பர் 17 முதல் 23 வரையான நாட்கள். பலர் கவனிக்காமல் விடுகிற நாட்கள் இவை. அந்த ஏழு நாளும் மாலைப் புகழ்மாலையில், மாதாவின் பாடலுக்கு முன்னால், கிறிஸ்துவை ஒவ்வொரு பெயரால் அழைக்கிற ஒரு பழைய முன்மொழி உண்டு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே. எல்லாவற்றிலும் “வாரும்” என்ற அழைப்பு வரும். 20ஆம் திகதி தாவீதின் திறவுகோலின் நாள். நீர் திறந்தால் பூட்டுவார் இல்லை, நீர் பூட்டினால் திறப்பார் இல்லை, வந்து சிறையில் கட்டுண்டவனை வெளியே கொண்டுவாரும், இருளிலும் சாவின் நிழலிலும் இருப்பவனை மீட்டருளும் என்பது அதன் பொருள். வெலிக்கடைச் சிறையோ பூசாச் சிறையோ ஒன்றும் தெரியாத இடமோ, பிள்ளை எங்கே என்று கேட்டு அலைகிற தாய்க்கு இதைவிடப் பொருத்தமான செபத்தை நான் எழுதித் தர ஏலாது. 20ஆம் திகதி இரவு செபமாலை முடிந்ததும் அம்மாவோடு இதைச் சொல்லுங்கள். வேறு நீண்ட செபம் தேவையில்லை.

மெழுகுதிரி வளையம் பற்றியும் கேட்பீர்கள். அது கத்தோலிக்கரிடம் தொடங்கியதும் இல்லை. 1839இல் ஹாம்பேர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட லூத்தரன் போதகர் விகெர்ன், நத்தார் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சில்லில் மெழுகுதிரி நட்டார், அங்கிருந்து வந்தது. அதனால் ஊசியிலை மரமும் பிளாஸ்டிக் வளையமும் வாங்க அலைய வேண்டாம். பனையோலையை வளைத்துக் கட்டி, சவுக்கோ வேம்போ கிடைத்த பச்சையைச் செருகுங்கள். மூன்று ஊதா, ஒரு ரோசா கிடைக்காவிட்டால் நான்கு வெள்ளை மெழுகுதிரி. மழைக்கு மின்சாரம் நின்றால் எப்படியும் ஏற்றத்தானே வேண்டும்.

நன்றியை இந்த மெழுகுதிரியோடு சேர்க்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் ஏற்றும்போது வீட்டில் ஆளுக்கு ஒரு மனிதரின் பெயர் சொல்லட்டும். பொதுவாக “எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே” வேண்டாம், அது வாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும். வெள்ளத்தில் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து ஏற்றினவர், இடம்பெயர்ந்து போனபோது வளவுக்குள் இடம் தந்த வீட்டுக்காரர், ஆசுபத்திரியில் அம்மாவோடு இரவு நின்ற பக்கத்துவீட்டு அக்கா. அவர் சைவமாக இருந்தால் இன்னும் நல்லது, கார்த்திகை விளக்கீட்டுக்கு அவர்கள் வாசலில் விளக்கு வைக்கிற நாட்களும் இதே நாட்கள்தான். பெயர் சொன்ன கிழமைக்குள் அந்த ஆளிடம் போய் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இது வெட்கமாக இருக்கும். இருக்கட்டும், போக விடுங்கள். அண்ணா செய்த நன்மை ஒன்றையும் ஒரு ஞாயிறு சொல்லுங்கள். அவர் சைக்கிள் பழக்கினார், இராத்திரி பயமில்லாமல் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார், எதுவானாலும். அம்மா அதைக் கேட்டு அழுதால் அழட்டும். அவவை நிறுத்த வேண்டாம்.

மத்தேயு ஆண்டின் மகிழ்ச்சி ஞாயிறில் யாக்கோபு, பயிரிடுகிறவரைப் பாருங்கள், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுத்திருக்கிறார் என்று சொல்வார். வன்னியில் இந்த வரிக்கு விளக்கவுரை தேவையில்லை. டிசம்பரில் காலபோக நெல் பச்சையாய் நிற்கும், கையில் ஒரு மணியும் வந்திருக்காது. ஆனால் எந்தக் கமக்காரர் சும்மா இருக்கிறார்? களை பிடுங்குவார், பசளை எறிவார், மழை விட்ட கையோடு வரம்பு பார்ப்பார், இரவில் காவல் கொட்டிலில் பன்றிக்கும் யானைக்கும் கண்விழிப்பார். குளம் வான் பாய்ந்து வயல் போன வருடமும் உண்டு. 2018இல் இரணைமடுக் குளம் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது நத்தாருக்கு மூன்று நாலு நாள் இருக்கத்தான். அடுத்த போகத்துக்கும் விதைத்தார்கள். திருவருகைக் காலத்து மகிழ்ச்சி அந்த விதைப்பில் இருக்கிற அளவுதான். அறுவடை நாள் மகிழ்ச்சியை டிசம்பரிலேயே உங்களிடமிருந்து யாரும் எதிர்பார்க்கக்கூடாது.

ஒளிவிழாக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தவணை முடிகிற காலம் என்பதால் டிசம்பர் முதல் கிழமையே பாடசாலையில், பிரதேச செயலகத்தில், முன்பள்ளியில் என்று வரிசையாக ஒளிவிழா நடந்துவிடும். நத்தார் பாப்பா வந்து போய்விடுவார். வழிபாட்டு முறை தெரிந்தவர்கள் சிலருக்கு இது எரிச்சல். எனக்குப் பெரிய எரிச்சல் இல்லை, பிள்ளைகள் ஆடிப்பாடட்டும். ஆனால் வீட்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பாலன் குடில் எப்போது கட்டினாலும் பாலன் சுரூபத்தை 24 இரவுக்கு முதல் வைக்க வேண்டாம். தொட்டில் வெறுமையாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு சட்டியில் மண் போட்டு, ஊறவைத்த நெல்லைத் தூவி விடுவோம். 24க்குள் ஒரு சாண் அளவுக்கு வந்துவிடும், அதுதான் குடிலுக்குப் புல். சின்னவர்கள் காலையில் எழும்பியதும் முதலில் ஓடுவது அந்தச் சட்டியடிக்குத்தான், எவ்வளவு வந்திருக்கிறது என்று விரலால் அளக்க.

கடன் வாங்கி நத்தார் கொண்டாட வேண்டாம். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற வீட்டில் தை மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பயறு வறுத்து மா அரைத்துப் பயத்தம் பணியாரம் சுட்டால் போதும், எல்லோருக்கும் புது உடுப்பு வேண்டுமென்று பாலன் கேட்கவில்லை. தையற்கடைக்குப் போகிற காசில் ஒரு பங்கை, அடுப்பு எரியாத ஒரு வீட்டுக்கு அரிசியாகக் கொடுங்கள். பழைய நோன்பில் இந்தக் காலத்துக்கு மிஞ்சியிருக்கிற நல்ல பகுதி அதுதான்.

பாவசங்கீர்த்தனத்தை 24ஆம் திகதிக்குத் தள்ளாதீர்கள். அன்று வரிசையும் நீளம், பாதருக்கும் களைப்பு. பல பங்குகளில் மூன்றாம் கிழமையளவில் பொதுவாக ஒழுங்கு செய்வார்கள், அப்போது போங்கள்.

கடைசியாக, அம்மா நள்ளிரவுப் பூசைக்கு வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். புது உடுப்பும் வெடிச் சத்தமும், குடும்பம் குடும்பமாக வந்து நிற்கிற சனமும் அவவுக்கு அந்த நேரம் பாரமாக இருக்கலாம். நத்தாருக்கு நள்ளிரவு, விடியற்காலை, பகல் என்று தனித்தனிப் பூசைகள் உண்டு, எதற்குப் போனாலும் திருநாள் பூசைக் கடமை நிறைவேறும். விடியற்காலைப் பூசை உங்கள் பங்கில் இருந்தால் அதற்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இடையர்கள் போய்ப் பாலனைப் பார்க்கிற நற்செய்தியும், மரியாள் எல்லாவற்றையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்ற வரியும் அந்தப் பூசையில்தான் வரும். சனமும் குறைவு, ஒலிபெருக்கியும் குறைவு, முன்வாங்கிலேயே இடம் கிடைக்கும்.